கார் ஷெட்டுல குட்டை வெட்டுன தம்பிக்கு

வா தம்பி, குந்து. கண்டமங்கலத்துல வூடு கட்டிட்ட. கார் வாங்கிட்ட. காருக்கும் ஒரு வூடு கட்டிட்ட. இப்ப அந்த வூட்டு நடுவுல தண்ணி நிக்குதுன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு வந்திருக்க. போன்ல படம் வேற. எந்தப் பக்கத்துலேருந்து புடிச்சாலும் தண்ணி தண்ணியாத்தானே தெரியும்?

மொதல்ல இதைச் சொல்லு. அந்தத் தண்ணி எம்மா நேரம் நிக்குது? 2024-ல ஃபெஞ்சல் புயல் அடிச்சப்ப புதுச்சேரியில ஒரே நாள்ல 45 செண்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. அன்னிக்கு எவன் வாசல்ல தண்ணி நிக்கல? அதைக் கணக்குல சேக்காத. சாதாரண மழை பேஞ்சு, மறுநாள் வெயிலுக்கு காஞ்சுபோச்சுன்னா அதுக்குப் பேரு குழி இல்ல, உன் மனக்கொறை. வாரக்கணக்குல நின்னாத்தான் வம்பு. டெங்கு கொசு நல்ல தண்ணியா பாத்துத்தான் முட்டை வைக்கும். முட்டை கொசுவாகிப் பறக்க ஏழெட்டு நாள்லேருந்து பத்து நாளு போதும். உன் ஷெட்டுல வாடகை கூட கேக்க முடியாது.

ஏதோ ஆப் போட்டு மட்டம் பாத்தியாமே? போன தரையில வச்சா பச்சை கோடு வருதாம். அந்தப் போன் முதுகுல கேமரா புடைச்சிக்கினு நிக்குது. உறை வேற போட்டிருக்க. போனே கோணலா படுத்திருக்கு, அது தரையோட கோணலச் சொல்லுமா? நம்ம கழனியில பரம்படிச்ச கிழவனுங்க என்னா ஆப்பு வச்சிருந்தாங்க? சேத்துல தண்ணி கட்டுனா மேடு தலையத் தூக்கும், பள்ளம் முழுவும். மாடு கூட அதைப் பாத்து நடக்கும். நீயும் அதையே செய். பைப்பைத் தொறந்து தரை முழுக்க நனை. தொடப்பத்தால தள்ளு. அரைமணி கழிச்சு வந்து பாரு. நிக்கிற தண்ணியச் சுத்தி சாக்பீஸால கோடு போடு. நடுவுல ஒரு தீக்குச்சிய நட்டு, நனைஞ்சது எதுவரைக்கும்னு பாத்துக்க. ஆழம் வந்துடுச்சா? செலவு ஒரு தீக்குச்சி.

அப்பால ஒரு இரும்புக் கம்பிய எடுத்து அந்த எடத்தைத் தட்டு. கணீர்னு கேட்டா தளம் கெட்டியா இருக்கு, மேலாக்கத்தான் பள்ளம். மேஸ்திரி கண்மட்டத்துல இழுத்துட்டுப் போயிருப்பான். டொக்கு டொக்குன்னு கேட்டா அடியில காலி. சுத்தி வெடிப்பும் ஓடி, வருசத்துக்கு வருசம் எறங்குதுன்னா, மேல எதைப் பூசியும் பிரயோசனம் இல்ல. வூடு கட்டுற அவசரத்துல கிராவலை ஒரே மூச்சா கொட்டி, தண்ணி வுட்டு திமிசு போடாம மேல ஜல்லிய ஊத்திட்டீங்க. ஏரி மண்ணா இருந்தா இன்னும் விசேசம். களி மழைக்கு உப்பும், கோடைக்குச் சுருங்கும். அந்த எடத்தை ஒடைச்சு எடுத்து, அடியக் கெட்டிச்சுட்டுத்தான் திரும்பப் போடணும். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிச்சிட்டு தளத்துக்கு நாள் குடுக்காதவன் யாரு? கேக்கல, வுட்டுடு.

இப்ப உன் கையில இருக்கிற மூட்டைக்கு வருவோம். தானா மட்டமாகிக்கிற கலவையாம். மூட்டை மேல என்னா எழுதியிருக்குன்னு படிச்சியா? வூட்டுக்குள்ள டைல்ஸுக்கு அடியில போடுற சரக்கு நெறைய அப்பிடி வருது. மழையும் கார் டயரும் தாங்குமான்னு பாத்து வாங்கணும். அதை வுடு, கார் ஷெட்டுக்கு மட்டம் எதுக்குடா? வாட்டம்தானே வேணும்? நூறு அடிக்கு ஒரு அடி எறக்கம் இருந்தா தண்ணி ஓடும். உன் ஷெட்டு பதினஞ்சு அடி. உள் சுவத்துக்கும் கேட்டுக்கும் ரெண்டு அங்குலத்துக்கு ரவ கம்மியா எறக்கம் வந்தா போதும். தானா மட்டமாகுறதுக்கு உன் வாசல் எந்தப் பக்கம்னு தெரியுமா?

நம்ம ஊரு கொத்தனாரைக் கூப்புடு. ரசமட்டமும் நூலும் எடுத்தாரச் சொல்லு. சாக்பீஸ் கோட்டுக்கு வெளிய ரவ தள்ளி, ஓரத்தை நேரா, அரை அங்குல ஆழத்துக்கு வெட்டச் சொல்லு. இங்கதான் எல்லாரும் ஏமாறுறது. கலவைய ஓரத்துல மெல்லிசா இழுத்து வுட்டா அன்னிக்கு அழகாத்தான் இருக்கும். டயர் நாலு தரம் ஏறி எறங்கினா சில்லு சில்லா பேந்துக்கும். உள்ள பூரா கொத்தி சொரசொரப்பாக்கணும். இஞ்சின் ஆயில் சொட்டியிருந்தா சோப்புப் போட்டுத் தேய்ச்சு எடுக்கணும், எண்ணெய் மேல சிமெண்ட் புடிக்காது. ராத்திரி பூரா நனைச்சு வச்சு, காத்தால நிக்கிற தண்ணிய மட்டும் ஒத்தி எடு. தளம் ஈரமா இருக்கணும், மினுமினுன்னு இருக்கக் கூடாது. கெட்டியான சிமெண்ட் பாலை பிரஷால தேய்ச்சு, அது காயறதுக்குள்ள கலவையப் போடணும். ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு மூணு பங்கு சலிச்ச எம்-சாண்ட். ஒன்றரை அங்குலத்துக்கு மேல ஆழம்னா சிப்ஸ் ஜல்லியும் சேத்துக்க. திருவக்கரை கிரஷர் பக்கத்துலதானே இருக்கு, வெளிநாட்டு மூட்டை எதுக்கு? தண்ணிய அள்ளி ஊத்தாத. கொழகொழன்னு இருந்தா தேய்க்கச் சுகம், காய்ஞ்சா வெடிப்பு. மட்டப்பலகைய வாட்டத்தோட இழுத்து, மணியாசுக் கட்டையால தேய்ச்சு சொரசொரப்பா வுட்டுடு. கண்ணாடியாட்டம் வேணும்னு நிக்காத. மழை நாள்ல மாமியார் வழுக்கி வுழுந்தா அந்தப் பழி யாருக்கு?

அப்பால ஏழு நாளு ஈரச்சாக்கு போட்டு தண்ணி கட்டு. சிரிக்காத. தண்ணி நிக்குதுன்னு அழுத, இப்ப அதே எடத்துல ஒரு வாரம் நிக்க வைக்கணும். ரெண்டாம் நாளே கார ஏத்தலாமான்னு கேப்ப, தெரியும். திருவக்கரையில மரம் கல்லாகிக் கெடக்குது பாரு, ரெண்டு கோடி வருசமாம். உன்னால ஏழு நாளு பொறுக்க முடியல. பத்து நாளாவது கழியட்டும்.

அதுவரைக்கும் காரு எங்கயா? நம்ம வேப்பமரத்தடியில நிறுத்து. காக்கா எச்சம் போடும். அதுக்கு ஒரு ஆப்பு வந்திருக்கான்னு பாரு.