தட்டிப் பார்க்கும் மாமா

புதுமனை புகுவிழாவுக்கு வந்தவர்கள் பந்தி எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருக்கும்போது, பிளைவுட் மாமா மட்டும் நேராகச் சமையலறைக்குள் நுழைவார். பால் பொங்கிய அடுப்பை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. கபோர்டு கதவைத் திறந்து, விரலை மடக்கி உள்பக்கம் மூன்று தட்டு தட்டிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பார்.

"என்ன கிரேடு?"

வீட்டுக்காரர் பெருமையோடு ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்வார்.

"பேரைக் கேக்கல தம்பி. 303-ஆ, 710-ஆ?"

அதற்குப் பிறகு வீட்டுக்காரருக்குக் கேசரி இறங்காது.

தென்சென்னையில் தெருவுக்கு ஒரு பிளைவுட் மாமா உண்டு. மின்வாரியத்திலோ வங்கியிலோ ஓய்வு பெற்றிருப்பார். உளியைக் கையால் தொட்டிருக்க மாட்டார். வாழ்நாளில் செய்து முடித்தது ஒரே ஒரு சமையலறைதான். அந்த ஒன்றுக்காகப் படித்ததை ஊர் முழுக்க வினியோகிக்காமல் அவருக்குத் தூக்கம் வராது.

கஷ்டம் என்னவென்றால், அவர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். கடையில் 'கமர்ஷியல்' என்று கொடுப்பது எம்.ஆர்., அதாவது ஓரளவு ஈரம் தாங்கும் ரகம். யூரியா பசை போட்டு ஒட்டியது. 60 டிகிரி வெந்நீரில் மூன்று மணி நேரம் ஊறவைத்துக் காயவைப்பதுதான் அதற்கான பரீட்சை. படுக்கையறை அலமாரிக்குப் போதும், தினமும் ஈரம் படுகிற இடத்துக்கு ஆகாது. அதற்கு ஒரு படி மேலே, கொதிநீரையும் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். இரண்டுமே ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தரநிலைக்குள் அடங்கியவை. "அதனால 303 முத்திரையைப் பாத்ததும் ஏமாந்துடாதீங்க, பக்கத்துல எந்த ரகம்னு அடிச்சிருக்கான்னு பாருங்க" என்பார் மாமா. இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரை மன்னிக்கலாம்.

உச்சியில் இருப்பது ஐ.எஸ். 710, அதாவது மரைன் பிளை. ஃபீனால் பசை. 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணீரில் கிடந்தாலும் அடுக்குகள் பிரியக் கூடாது. கடலையும் படகையும் மனதில் வைத்து வகுத்த தரம் இது. மாமா தன் சமையலறை முழுக்க அதைத்தான் போட்டார், பழைய டப்பாக்களும் கொலுப் படிகளும் மட்டுமே ஏறுகிற பரண் உட்பட. "பரணுக்கு பி.டபிள்யூ.ஆரே தாராளம் சார்" என்று சொன்ன ஆசாரியை, கடைக்காரரிடம் கமிஷன் வாங்கியவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். விலை குறைந்ததைச் சிபாரிசு செய்பவருக்கு யார் கமிஷன் கொடுப்பார்கள் என்று அவர் யோசிக்கவில்லை.

சைடன்ஹாம்ஸ் சாலைக் கடைக்காரர்களுக்கு அவருடைய ஸ்கூட்டர் சத்தமே தெரியும். எட்டுக்கு நான்கு அடி மரைன் ஷீட், 18 மி.மீ. என்றால் முப்பது கிலோவைத் தாண்டும். கடைப் பையன்கள் இருவர் ஒவ்வொன்றாகப் புரட்ட, மாமா விளிம்பில் டார்ச் அடித்து நடு அடுக்கில் சந்து விட்டிருக்கிறதா என்று பார்ப்பார்.

"குர்ஜன்தானே?"

"ஒரிஜினல் பர்மா மரம் சார். நேரா அங்கேருந்து வர்ற உருட்டு மரம்."

"2014 ஏப்ரல்லயே உருட்டு மர ஏற்றுமதிக்கு அவன் தடை போட்டுட்டானே, உங்களுக்கு மட்டும் எப்படி வருது?"

கடைக்காரருக்கு அந்த நொடியில் ஒரு போன் வந்துவிடும்.

மேல்தாள் சிவப்பாக இருந்தாலே குர்ஜன் என்று நம்புகிறவர்கள் நிறைய. சாயம் பூசினால் எந்த மரமும் சிவக்கும். உள்ளே இருப்பது யமுனாநகர்ச் சரக்கு என்றால் பாப்ளரோ யூகலிப்டஸோ, பெரும்பாவூர்ச் சரக்கு என்றால் பெரும்பாலும் ரப்பர் மரம். அவற்றிலும் நல்ல பலகை உண்டு. மாமாவிடம் இதைச் சொல்லிப் பயனில்லை.

ஒருநாள் கடைக்காரர் ஓய்ந்துபோய்ச் சாம்பிள் துண்டு ஒன்றைக் கொடுத்தனுப்பினார். மாமா அதை இட்லிப் பானையில் போட்டு அடுப்பை மூட்டினார். 72 மணி நேரம் என்று எழுதியிருந்தால் 72 மணி நேரம்தான். மறுநாள் காலை மாமி வந்து நின்றார்.

"ஏங்க, மாவு பொங்கி வழியுது. உங்க பலகை வெந்துச்சா இல்லியா?"

சிலிண்டர் தீர்ந்து பரீட்சை பாதியில் நின்றது. துண்டு பிரியவில்லை. இன்று அது ஷோகேஸில், பேரன் வாங்கிய கோப்பைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பலகைக்கு இவ்வளவு பாடுபட்டவர், விளிம்புக்கு வந்ததும் கையை இறுக்கிவிட்டார். "சிங்க் பைப்புக்கு ஓட்டை போட்ட இடத்துல சீலர் அடிச்சு, ஓரத்துக்கெல்லாம் எட்ஜ் பேண்ட் ஒட்டிடலாமா சார்?" என்று ஆசாரி கேட்டார். "710 போட்டாச்சே, அப்புறம் எதுக்குய்யா?" என்றார் மாமா.

கொதிநீருக்கு அசையாமல் நிற்பது பசைதான். மரம் என்றும் மரமே. வெட்டுவாயில் தண்ணீர் பட்டால் குடிக்கும், காயவிடாமல் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். இரண்டாவது மழைக்காலத்தில் சிங்க் பைப்பின் வாஷர் தேய்ந்து சொட்ட ஆரம்பித்தது. பினாயிலும் தேய்க்கிற நாரும் கிடக்கிற இடத்தில் யார் குனிந்து பார்ப்பார்கள்? மாமியின் மூக்கு கண்டுபிடித்தபோது, ஓட்டையைச் சுற்றிப் பலகை கறுத்து, மைக்கா உப்பி, கீல் திருகுகள் துருவேறியிருந்தன. மாமா முட்டி போட்டு உட்கார்ந்து டார்ச் அடித்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தியா, ஒரு அடுக்குகூடப் பிரியல!"

ஆசாரி பேசாமல் அந்த அடித்தட்டைக் கழற்றிவிட்டு, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. பலகை வைத்துக் கொடுத்தார். வெட்டியதில் ஒரு துண்டு மிஞ்சியது. மாமா அதைக் கையில் எடைபோட்டுக்கொண்டு, "இதோட டென்சிட்டி எவ்வளவு?" என்று கேட்க ஆரம்பித்ததுமே, மாமி இட்லிப் பானையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார்.