பத்துநாள்காரர்

பத்துநாள்காரர் என்பவர் ஏழை அல்லர். ஏழை என்று யாராவது வாய்தவறிச் சொன்னால் அன்றைக்கே சண்டைக்கு வருபவர். வரவேண்டிய பணம் வராமல் நின்று, எண்ணெய்ப் பாட்டிலைக் கிண்ணத்தில் கவிழ்த்துவைத்துச் சொட்டுப் பிடிக்கும் கட்டம் வந்த பிறகும், "இன்னும் பத்து நாள்தான், துட்டு வந்துடும்" என்று சொல்லிக்கொண்டிருப்பவரே இப்பெயருக்கு உரியவர். இந்தப் பத்து நாள் காலண்டரில் கிழிபடுவதில்லை. இருபது நாள் கழித்து விசாரித்தாலும் மீதி பத்துதான்.

தமிழ்நாடு எங்கும் காணப்படும் இவ்வகையினர், திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையில் ஆடி முதல் ஐப்பசி வரை எண்ணிக்கையில் பெருகுகின்றனர். காரணம் வேளாண்மைக் கணக்கு. ஆடியில் விதைத்த சாமை வீடு வந்து சேர ஐப்பசி, கார்த்திகை ஆகும். மாசி, பங்குனியில் புளி உலுக்கி விற்ற காசு, ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த வாரத்திலேயே நோட்டும் செருப்புமாக உருமாறிவிட்டது. மிச்சம் இருந்தது ஏர்கூலிக்குப் போயிற்று. பலா ஓய்ந்துவிட்டது, சீதாப்பழம் இன்னும் கண் திறக்கவில்லை. திருப்பூருக்கோ கேரளத்துக்கோ போன மகனின் சம்பளம் மேஸ்திரி கையில் நிற்கிறது. நூறு நாள் வேலைக் கூலியோ, வேலை முடிந்த 15 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டுச் சட்டம் எழுதிவைத்த கூலி. சட்டத்தின் பதினைந்து நாளும் இவருடைய பத்து நாளும் ஒரே காலண்டரைச் சேர்ந்தவை.

இவர் வீட்டில் அரிசி இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அரிசி அட்டைக்கு 2011 ஜூன் 1 முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அந்தியோதயா அட்டையானால் மாதம் 35 கிலோ. தமிழ்நாட்டில் தற்காலிகப் பணமுடை என்றால் பெரும்பாலும் சோறு இல்லாமை அன்று. சோற்றின்மேல் ஊற்ற ஒன்றும் இல்லாமை. ரேஷன் கடையில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளிக்கடை விலையோடு பார்த்தால் கொசுறுக்காசு. அந்த 55 ரூபாயை எண்ணி வைக்க முடியாத மாதம்தான் இவருக்குப் பஞ்சமாதம். அப்போது இவர் அரிசியை மட்டும் போட்டுக்கொண்டு திரும்புவார். ஏன் என்று கடை ஊழியர் கேட்கமாட்டார், ஆனாலும் இவர் வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கும்படி பதில் சொல்லிவிட்டுத்தான் நகர்வார்: "போன மாசம் குடுத்த பருப்பே வேகல. எவன் வாங்குவான்?" பருப்பின் தரம் பற்றிய இத்தகைய புகார்கள் புரட்டாசியில் கூடியும், சாமை விற்ற பின் குறைந்தும் காணப்படும்.

இலவசமாக எதையும் வாங்காதவர் என்பது இவர் தம்மைப்பற்றிப் பரப்பியிருக்கும் செய்தி. நடைமுறையைப் பார்த்தால் படம் வேறு. ரேஷன் அரிசி அரசாங்கத்தினுடையது, ஆகவே தம்முடையது. பிள்ளைகள் பள்ளியில் சாப்பிடுவதும் அப்படியே. காமராசர் 1956-இல் தொடங்கிய மதிய உணவு, எம்.ஜி.ஆர். 1982-இல் விரித்த சத்துணவு, 2022-இல் மதுரையில் தொடங்கி மறு ஆண்டு மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த காலை உணவு ஆகிய எதிலும் இவருக்கு மானப் பிரச்சினை எழுந்ததில்லை. முட்டை சிறியதாக இருந்தால் ஆசிரியரிடம் கேட்கும் உரிமைகூட உண்டு. கல்யாணச் சாப்பாடு மொய்யால் சரிக்கட்டப்படுகிறது. வேலூர் அம்மா உணவகத்தில் இட்லிக்கு ஒரு ரூபாய் வாங்குகிறார்கள். அந்த ஒரு ரூபாய் சாப்பிடுகிறவரை வாடிக்கையாளர் ஆக்கிவிடுகிறது. இட்லி ஓசியாக இருந்திருந்தால் இவர் வாசலோடு போயிருப்பார். விலையை ஒரு ரூபாயில் நிறுத்தியவர் யாரோ, பத்துநாள்காரரை நன்கு அறிந்தவர்.

கோயில் சாப்பாடு பிரசாதக் கணக்கில் சேரும். அறநிலையத் துறைக் கோயில்களில் 2002 முதல் அன்னதானத் திட்டம் நடக்கிறது. திருவண்ணாமலையில் பௌர்ணமி கிரிவலத்தன்று பாதை நெடுக ஆளை மறித்துப் புளியோதரையைக் கையில் திணிப்பார்கள். இவர் மூன்று இடத்தில் வாங்கி மூன்றையும் முடித்தவர்தான். அங்கே சாமி நடுவில் நிற்கிறது. கொடுத்தது சாமி, வாங்கியது பக்தர்; இடையில் கரண்டி பிடித்தவருக்கு நன்றி சொல்லத் தேவையில்லை. ஆனால் மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு இறங்கி ஏறும் பஸ் செலவில் வீட்டுக்கு ஒரு கிலோ பருப்பே வாங்கிவிடலாம் என்பதால், பணமுடைக்கு இது மருந்தாகாது.

சிக்கல் தொடங்குவது வேன் ஏறி வரும்போது. கீழ்நாட்டிலிருந்து ஓர் அறக்கட்டளை, அல்லது பிறந்தநாள் கொண்டாடும் ஒரு பிரமுகர், பை பையாக மளிகைச் சாமான் கொண்டுவருகிறார். ஐந்து கிலோ அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், ஒரு சோப்பு. பையின்மேல் கொடுப்பவரின் சிரித்த முகம் அச்சாகியிருக்கும். பள்ளிக்கூடத் திடலில் பேனர் கட்டுகிறார்கள். ஊர்க்கவுண்டர் வீட்டுத் திண்ணையில் பெயர் எழுதுகிறார்கள். பத்துநாள்காரர் திண்ணைக்கு எதிர்ப்புறம், பெயர் எழுதும் சத்தம் காதில் விழும் தூரத்தில், வேறு ஏதோ வேலையாக நிற்கிறார்.

அப்போது அவர் மனத்தில் நடப்பது பசியைப் பற்றிய யோசனை அன்று. பார்ப்பவர்களைப் பற்றிய யோசனை. மலையின் காவலூரில் 1986 முதல் 2.3 மீட்டர் ஆடியுடைய வைணு பாப்பு தொலைநோக்கி இயங்குகிறது. எட்டாத விண்மீனை எல்லாம் அது எட்டிப் பார்க்கும். ஆனால் மேகம் மூடினால் அதற்கு ஒன்றும் தெரியாது. எதிர்வீட்டு அத்தைக்கு மழையிலும் தெரியும், இருட்டிலும் தெரியும், பைக்குள் எண்ணெய் இருக்கிறதா என்பதும் தெரியும். இதற்கு மேல் போட்டோ. வரிசையில் நிற்பவரை நிறுத்தி, பையில் ஒரு கை கொடுப்பவர், ஒரு கை வாங்குபவர் என்று பிடிக்கச் சொல்லிப் படம் எடுப்பார்கள். படம் அன்று மாலையே போனில் திருப்பூர் போய்ச் சேரும். மச்சினன் பார்ப்பான். "இன்னா மாமா, சௌக்கியமா?" என்று வழக்கத்தைவிட அன்பாகக் கேட்பான். அந்த அன்பைத்தான் இவரால் தாங்க முடியாது.

எனவே முதல் தீர்மானம்: இது நமக்கில்லை, பாவப்பட்டவங்களுக்கு. பெயர் எழுதுகிறவர் கூப்பிட்டாலும், "எங்களுக்கு எதுக்குண்ணா? மேலூர்ல ஒரு கிழவி இருக்குது, அதுக்குக் குடுங்க" என்பார். இதைப் பெருந்தன்மை என்றும் சொல்லலாம். கிழவியிடம் போனால் அவள், ஓடைக்கு அப்பால் மூன்று பிள்ளைகளோடு இருப்பவளைக் காட்டுவாள். அவள் இன்னொரு வீட்டைக் காட்டுவாள். தன்னைவிடக் கீழே ஒருவர் இல்லாத வீடு எந்த ஊரிலும் கிடையாது என்பதால், பை ஒன்று மலை முழுக்கச் சுற்றிவர வாய்ப்புண்டு.

இந்தத் தயக்கத்துக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. திருக்குறளில் இரவு என்பது 106-ஆம் அதிகாரம், இரவச்சம் 107-ஆவது. கேட்டு வாங்குவதற்குப் பத்துக் குறள், கேட்க அஞ்சுவதற்கும் பத்துக் குறள், அடுத்தடுத்த பக்கத்தில். பத்துநாள்காரர் இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவே, தையல் போட்ட இடத்தில் குடியிருப்பவர். வள்ளலார் இவரை வேறு வழியில் புரிந்துகொண்டார் என்று தோன்றுகிறது. 1867 மே 23 அன்று வடலூரில் அவர் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் யார், எந்த ஊர், ஏன் இந்த நிலை என்ற விசாரணை கிடையாது. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. சீக்கியர்களின் குருத்துவாரா லங்கரிலும் வருபவர் எல்லாரும் ஒரே பந்திதான். கேள்வி இல்லாத இடத்தில் இவர் உட்காருவார். கேள்வி வந்தால் எழுந்துவிடுவார்.

விசித்திரமாக, இதற்கு நேர்மாறான ஏற்பாடும் இவருக்கு ஒத்துவரும். அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் 1967-இல் தொடங்கிய உணவு வங்கி முறை, பிரிட்டனில் டிரசல் அமைப்பின் மூலம் 2000-இல் சாலிஸ்பரி நகரில் வேறு வடிவம் எடுத்தது. அங்கே மருத்துவரோ ஆலோசகரோ ஒரு சீட்டு எழுதித் தருவார். சீட்டைக் காட்டினால் மூன்று நாளுக்கான உணவு. சீட்டு வாங்குவது அவமானம் என்று அங்கே குறைப்பட்டுக்கொள்பவர்கள் உண்டு. ஜவ்வாது மலைக்காரருக்கு அப்படித் தோன்ற வழியில்லை. சாதிச் சான்றுக்கு மனு மேல் மனுவாக எழுதி, ஜெராக்ஸ் எடுத்துத் தாலுகா ஆபீசில் உட்கார்ந்து பழகியவர் அவர். கையெழுத்தும் சீலும் விழுந்த தாள் ஒன்று இருந்தால் பருப்பு உரிமை ஆகிவிடும். சும்மா கொடுத்தால்தான் பருப்பு பிச்சை.

சும்மா வாங்கமாட்டேன் என்பதற்கு இவர் கொடுக்கும் விலை சிறியது அன்று. வேனைப் புறக்கணித்துவிட்டு நேராக வியாபாரியிடம் போவார். வருகிற மாசிப் புளிக்கு இப்போதே முன்பணம். மரத்தில் காய் வைக்கும் முன்பே விலை பேசி முடிந்துவிடும், பேசியவர் வியாபாரி. இல்லாவிட்டால் நூற்றுக்கு ஐந்து வட்டிக்குக் கைமாற்று. அதுவும் இல்லாவிட்டால் மளிகைக் கடையில் நோட்டுக் கணக்கு. கடைக்காரர் நோட்டில் எழுதும் விலைக்கும் கையில் காசு வாங்கும் விலைக்கும் இடையே உள்ள தூரத்தை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. இப்படிக் கடனில் வாங்கிய பருப்பு சும்மா கிடைத்திருக்கும் பருப்பைவிட எந்த விதத்திலும் ருசியானது அன்று. ஆனால் கடன்காரனுக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கலாம், சண்டைகூடப் போடலாம். தானம் கொடுத்தவரோடு சண்டை போட முடியாது. இவர் கட்டும் வட்டி பணத்துக்கு அன்று, அந்தச் சண்டையின் உரிமைக்கு.

தயக்கம் மறைந்த ஒரே பருவம் 2020-இன் ஊரடங்கு. மார்ச் 25-க்குப் பின் வெளியூர் வேலை நின்று ஆட்கள் மலை ஏறினார்கள். ஏப்ரலில் அரசு ஆயிரம் ரூபாயும் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் விலையில்லாமல் கொடுத்தது. அறக்கட்டளை வேன்களும் வந்தன. அந்த மாதம் பத்துநாள்காரர் வரிசையில் முன்னாலேயே நின்றார். ஊரே வாங்கியதால் வெட்கமும் ஊருக்குப் பொதுவாகி, தலைக்கு மிகச் சிறிய பங்கே விழுந்தது.

சாதாரணக் காலத்தில் வாங்குவதென்று முடிவானால் அதற்கும் முறைகள் உண்டு. மிகவும் புழக்கத்தில் உள்ளது, கூட மாட உதவும் முறை. வேனிலிருந்து மூட்டை இறக்க இவர் தாமாக ஓடிவருவார். வண்டி போகாத ஊருக்குத் தலைச்சுமையாகப் பை கொண்டுபோக வழிகாட்டுவார். வரிசையில் நிற்பவர்களை அதட்டி ஒழுங்குபடுத்துவார். கடைசியில் இரண்டு பை மிஞ்சும்போது, "நீங்க ஒண்ணு எடுத்துக்குங்கண்ணா" என்பார்கள். இரண்டு முறை மறுத்து மூன்றாம் முறை வாங்கிக்கொள்வார். இப்போது அது கூலி. கூலியாகப் பார்த்தால் குறைவுதான் என்ற எண்ணம்கூட வீடு திரும்பும் வழியில் எழுவதுண்டு.

இன்னொரு முறை எதிர்சீர். பை கொடுத்தவர்களைச் சும்மா அனுப்பினால் ஊர்ப்பேர் என்னாவது? மலை ஏறிவந்த களைப்பில் அவர்களும் பசியோடுதான் இருக்கிறார்கள். வீட்டுக்கு அழைத்துப் பாய் விரித்து, விதைக்கு வைத்ததில் ஒரு படி எடுத்துச் சாமைச்சோறு பொங்கி, கீரை கடைந்து போட்டு, போகும்போது மலைத்தேன் அரை பாட்டில் கையில் திணிப்பார். தேனின் விலையைப் பார்த்தால் பையில் இருந்ததற்கு ஈடாகிவிடும். வந்தவர்கள் ஜமுனாமரத்தூர் தாண்டும்வரை இந்த ஏழை மக்களின் பெரிய மனசைப் பற்றிப் பேசிக்கொண்டு போவார்கள். பத்துநாள்காரர் கணக்கு நேரான நிம்மதியில் இருப்பார். வீட்டில் எண்ணெய் வந்திருக்கும், தேன் போயிருக்கும்.

பெண்களிடம் இவ்வகை அரிது. மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் 15-ஆம் தேதி கணக்கில் ஏறும்வரை எந்தப் பானையில் எத்தனை நாளுக்கு இருக்கிறது என்பது வீட்டுக்காரிக்குப் படி அளவில் தெரியும்; அளந்து பார்த்தவருக்கு மானம் பற்றி நெடுநேரம் ஆலோசிக்க நேரம் கிடைப்பதில்லை. ஆகவே பல வீடுகளில் இந்த விவகாரம், கணவர் திண்ணைக்கு எதிர்ப்புறம் நின்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே தீர்ந்துபோகிறது. சுய உதவிக் குழுவின் பெண்கள் சேர்ந்தாற்போல் போய்ப் பெயர் கொடுத்து, கைநாட்டோ கையெழுத்தோ போட்டு, பையை வாங்கி, பின்பக்கமாக வந்து, பருப்பை டப்பாவில் கொட்டிவிடுகிறார்கள். படம் போட்ட பை அடுப்பெரிக்கப் போகிறது. இரண்டு நாள் குழம்பு வைத்த பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வருகிறது.

"ஏம்மே, பருப்பு ஏது?"

"குழுவுல குடுத்தாங்க."

குழு என்றால் மாதச் சேமிப்பு, பாஸ் புத்தகம், தீர்மான நோட்டு எல்லாம் உள்ள இடம். அங்கே கொடுத்தால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் இன்னொரு கரண்டி ஊற்றச் சொல்லி, ரேஷன் பருப்பைவிட இது நன்றாக வேகிறது என்று அபிப்பிராயமும் தெரிவிக்கிறார்.