ஓட்டைக்கு என் ஓட்டு

ஒரு நிமிடம் உங்கள் போனைக் கையிலெடுத்து மேலும் கீழும் திருப்பிப் பாருங்கள். சார்ஜர் செருகுகிற வாய் தவிர, உருண்டையாக இன்னொரு ஓட்டை இருக்கிறதா? இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. மேற்கொண்டு படிக்காமல் போய்ப் பாட்டுக் கேளுங்கள். இல்லையென்றால் இப்படி வந்து உட்காருங்கள். நாம் இரண்டு பேரும் ஒரே கட்சி.

நான் ஏதோ பெரிய சங்கீத ரசிகன் என்று நினைத்துவிட வேண்டாம். குரோம்பேட்டையில் எலெக்ட்ரிக் டிரெயின் பிடித்து கோட்டை ஸ்டேஷனில் இறங்கி ஆபீஸ் போகிறவன். காதில் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் எதிர் ஸீட்காரர் தன் மருமகளைப் பற்றிப் பேச்சை ஆரம்பிக்க மாட்டார். என் சங்கீத ஞானத்தின் எல்லை அதுதான்.

அதற்கு வேண்டிய இயர்போனையும் அதே ரயிலில் விற்றுக்கொண்டு வருவார்கள். நூறு ரூபாய், பேரம் பேசினால் எண்பது. கொஞ்ச நாளில் ஒரு பக்கம் ஊமையாகும். பின் இருக்கிற இடத்தில் வயரை லேசாக முறுக்கிப் பிடித்தால் மறுபடி பேசும். வயர் நழுவாமல் இருக்கத் தோளையும் கழுத்தையும் ஒரு தினுசாகச் சாய்த்துக்கொண்டே நான் மாம்பலம் வரை போனதுண்டு. சுளுக்கு என்று நினைத்து ஒரு கல்லூரிப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள். மறுக்கலாம்தான், ஆனால் தலையை ஆட்டினால் வயர் அறுந்துவிடுமே.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், மகள் தன் முதல் சம்பளத்தில் எனக்கொரு போன் வாங்கி வந்தாள். நெஞ்சு நெகிழ வாங்கிக்கொண்டேன். பிறகு ஓட்டையைத் தேடினேன். மேலே இல்லை. பக்கவாட்டில் இல்லை. அடியில் ஊசிமுனை அளவுக்கு ஒன்று தென்பட்டது. காலம் மாறிவிட்டது, ஓட்டையும் இளைத்திருக்கும் என்று பின்னை அதில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தபோது மகள் ஓடிவந்து பிடுங்கினாள்.

“அப்பா! அது மைக்!”

“அப்போ ஹெட்போன் எதுல சொருகறது?”

“ஜாக் எல்லாம் இப்ப வர்றதில்லைப்பா. அதெல்லாம் பழசு.”

‘பழசு’ என்றபோது அவள் என் கையிலிருந்த இயர்போனைத்தான் பார்த்தாள் என்று நம்ப விரும்புகிறேன்.

பழசு என்பது உண்மைதான். இந்த ஜாக்கின் தாத்தா 19-ஆம் நூற்றாண்டிலேயே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உத்தியோகம் பார்த்தவர். ஆபரேட்டர் பெண்கள் ஒரு பலகை முன்னால் உட்கார்ந்து, கால் அங்குல பின்னைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகி ஊரையே ஊரோடு பேசவைத்தார்கள். அதே பின் இன்றைக்கும் எலெக்ட்ரிக் கிதாரில் இருக்கிறது. டிரான்சிஸ்டர் ரேடியோ காலத்தில் அது இளைத்து 3.5 மில்லிமீட்டர் ஆனது. 1979-ல் சோனி வாக்மேன் வந்து அதை உலகத்தின் காதிலெல்லாம் மாட்டிவிட்டது.

அந்த முதல் வாக்மேனில் ஒன்றல்ல, இரண்டு ஜாக். சோனி நிறுவனத்தின் அகியோ மொரிட்டா ஒரு மாதிரிக் கருவியை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தன்னை ஒதுக்கிவைத்துவிட்டதாக அவர் மனைவிக்கு வருத்தம். இரண்டு பேர் கேட்க வசதியாக இரண்டு ஜாக் வைக்கச் சொல்லிவிட்டார் மொரிட்டா. போதாததற்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டன். அதை அழுத்தினால் பாட்டுச் சத்தம் தணிந்து பக்கத்திலிருப்பவர் பேசுவது கேட்கும். இதை அவர் தம் சுயசரிதையிலேயே எழுதியிருக்கிறார். உலகத்தையே ஆட்டிப்படைத்த கம்பெனியின் முதலாளி, வீட்டில் ஒரு முகச்சுளிப்புக்கு வடிவமைப்பையே மாற்றியிருக்கிறார். நான் ஒரு தனியார் கம்பெனி குமாஸ்தா. என் நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்வளவு குடும்பப் பாங்கான ஓட்டையை 2016 செப்டம்பரில் ஆப்பிள் அடைத்தது. ஐபோன் 7-ஐ மேடையில் காட்டிய பில் ஷில்லர், ஜாக்கை ஏன் எடுத்தோம் என்பதற்கு ஒரே வார்த்தையில் காரணம் சொன்னார்: துணிச்சல். அதே மேடையில் வயரில்லாத ஏர்பாட்ஸையும் அறிமுகப்படுத்தினார்கள், விலை 159 டாலர். நாம் ஒருவரிடம் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு, அதற்குப் பதிலாக இன்னொன்றை அவருக்கே விற்றால் போலீஸ் வரும். மேடை போட்டுச் செய்தால் கைதட்டல் வருகிறது.

மற்றவர்கள் சிரித்தார்கள். கூகுள் தன் பிக்ஸல் விளம்பரத்தில் எங்களிடம் ஜாக் இருக்கிறது என்று குத்திக்காட்டியது. அடுத்த வருடமே பிக்ஸல் 2-ல் ஜாக் இல்லை. ஐபோன்காரர்களைக் கேலி செய்து படம் எடுத்த சாம்சங், 2019-ல் நோட் 10-ல் சத்தம் போடாமல் ஓட்டையை அடைத்தது. தண்ணீர் புகாமல் இருக்கத்தான் என்கிறான் என் மச்சான். ஆனால் 2016-ல் வந்த சாம்சங் எஸ் 7-ல் ஜாக்கும் இருந்தது, தண்ணீருக்கும் அது அசையவில்லை. உள்ளே இடம் மிச்சமாகும், பேட்டரிக்கு ஆகும் என்பது மட்டும் நியாயமான வாதம். மிச்சமான அந்த இடத்தின் பலனை நான் அனுபவித்த விதத்தைச் சொல்கிறேன்.

மகள் மனசு நோகக் கூடாதென்று ரகசியமாக, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். “தம்பி, சார்ஜர் வாயில சொருகி ஹெட்போன் மாட்டற மாதிரி ஒரு குட்டி வயர் இருக்காமே?”

“டைப்-சி கன்வெர்ட்டரா சார்? உள்ள சிப் இருக்கறதா, இல்லாததா?”

பெண் பார்க்கப் போன இடத்தில் நட்சத்திரம் கேட்ட மாதிரி விழித்தேன். தம்பி பொறுமைசாலி. போனுக்குள் பாட்டு வெறும் எண்களாகத்தான் இருக்கிறதாம். அதை ஹெட்போனுக்குப் புரிகிற மின் அலையாக மாற்ற ஒரு சிப் வேண்டும். முன்பு அது போனுக்குள்ளேயே இருந்து ஜாக் வழியாகச் சத்தத்தைத் தள்ளும். இப்போது சில போன்கள் சார்ஜர் வாய் வழியாகவும் அப்படியே தள்ளும். சில போன்கள் எண்களை மட்டும் நீட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அப்படிப்பட்ட போனுக்கு, சிப் அந்தக் குட்டி வயருக்குள் இருக்க வேண்டும். இரண்டு வயரும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். “உங்க போன் எது சார்?” என்றான். போனை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

உத்தேசமாக ஒன்றை வாங்கிவந்து மாட்டினேன். ஆழ்ந்த அமைதி. மறுபடி போய்ச் சிப் உள்ளதை வாங்கினேன். பாட்டு வந்தது; ஆனால் சார்ஜர் வாய் அடைபட்டுவிட்டது. பாட்டுக் கேட்டால் சார்ஜ் கிடையாது, சார்ஜ் போட்டால் பாட்டுக் கிடையாது. இரண்டுக்கும் சேர்த்து இரட்டைவாய் வைத்த இன்னொரு வயர் வாங்கினேன். ஓட்டையை எடுத்ததில் போன் இளைத்தது. என் பைதான் குண்டானது.

விஷயம் வெளியே தெரிந்து, மகளே புளூடூத் இயர்பட்ஸ் வாங்கிக்கொடுத்தாள். உண்மையைச் சொல்ல வேண்டும், அற்புதமான வஸ்து. சமையலறையில் என் மனைவிக்கு இதைவிட உபகாரமான சாமான் கிடையாது. முன்பெல்லாம் தங்கையோடு பேசிக்கொண்டே தாளிக்கும்போது வயர் வாணலியை நலம் விசாரித்துவிட்டு வரும். நான் மட்டும் யோக்கியமா? கதவுக் கைப்பிடியில் வயர் மாட்டி, போன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் விழுந்திருக்கிறோம். போனைத்தான் எல்லோரும் ஓடிவந்து தூக்கினார்கள்.

ஆனால் இயர்பட்ஸுக்கும் சார்ஜ் போட வேண்டும், அது தூங்குகிற டப்பாவுக்கும் சார்ஜ் போட வேண்டும். உள்ளிருக்கும் பேட்டரியோ கடுகளவு. இரண்டு மூன்று வருடத்தில் மூப்பு வந்துவிடும், மாற்றவும் வழியில்லை. தெருமுனைக் கடைக்காரர், அறுந்த வயரை வெட்டி, நெருப்பில் சுட்டுப் புதுப் பின் வைத்து ஈயம் பற்றவைத்துக் கொடுத்தவர், இதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பரிதாபமாகத் திருப்பிக் கொடுத்தார்.

அதற்கு முன்பே வலது காதுக்குரியது கிண்டி ஸ்டேஷனில் இறங்குகிற நெரிசலில் பிளாட்பாரத்துக்கும் ரயிலுக்கும் நடுவே குதித்துவிட்டது. அன்றிலிருந்து இடது காது மட்டும் கேட்கிறது. 1978-ல் ‘ப்ரியா’ படத்துக்கு இளையராஜா அத்தனை பாடுபட்டு ஸ்டீரியோவில் பதிவு செய்தது எனக்குப் பாதிதான் வந்து சேர்கிறது. மீதிப் பாதி கிண்டியில் இருக்கிறது.

வயரில்லாததில் இன்னொரு சங்கடம், யார் யாரோடு பேசுகிறார்கள் என்று தெரிவதில்லை. ஒருநாள் காலை, சமையலறையிலிருந்து மனைவி, “என்ன இன்னிக்கு இவ்ளோ அழகா இருக்கீங்க!” என்றாள். இத்தனை வருட தாம்பத்தியத்தில் கேளாத சொல். “புதுச் சட்டைதான், தள்ளுபடில எடுத்தது” என்று வெட்கத்தோடு உள்ளே போனேன். அவள் முடிக்குள் இயர்பட்ஸ். சாம்பார் டப்பா மேல் சாய்த்திருந்த போனில் அவளுடைய அண்ணி. அண்ணிக்கும் என் சட்டையைத் திருப்பிக் காட்டச் சொன்னார்கள்.

மச்சான் விஷயம் இதைவிட மோசம். பால்கனியில் நின்றுகொண்டு ஒற்றை இயர்பட்டில் நண்பனோடு பேசிக்கொண்டிருந்தேன். அது சார்ஜ் தீர்ந்து உயிரை விட்டது. புளூடூத் என்பது விசுவாசமான வேலைக்காரன். ஒரு வாசல் அடைத்தால் பக்கத்து வாசலில் பார்சலைக் கொடுத்துவிடும். ஹாலில் மகளுடைய ஸ்பீக்கர் என் போனோடு ஏற்கெனவே கைகோத்துக்கொண்டு காத்திருந்தது. நண்பனின் குரல் அதில் முழங்கியது: “உன் மச்சான் கஞ்சன்னு நீதானேடா சொன்னே!” ஹாலில் காபி குடித்துக்கொண்டிருந்தது மச்சான். வயர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? போன் பேசுகிறவன் காதோடு விஷயம் முடிந்திருக்கும். ரகசியம் என்பது வயருக்குள் போவது. காற்றில் விட்டால் அது மச்சானிடம்தான் போகும்.

ஒரே ஒரு தடவை ஜாக் என் மானத்தைக் காப்பாற்றியது. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை, தெருவில் முழங்கால் தண்ணீர். மகளுடைய விலையுயர்ந்த போன் டார்ச்சாக இருந்தது. நான் அலமாரியிலிருந்து என் பழைய போனை எடுத்தேன். அதில் எஃப்.எம். உண்டு. அதற்கு இன்டர்நெட் வேண்டாம், டவர் வேண்டாம். இயர்போன் வயர் ஒன்று போதும், அதுதான் ஏரியல். அந்த வருடம்தான் மத்திய அரசு, ஆபத்துக் காலத்தில் உதவும், போன்களில் எஃப்.எம். வசதியை முடக்காதீர்கள் என்று கம்பெனிகளுக்கு அறிவுரை அனுப்பியிருந்தது. நல்ல யோசனை. ஏரியல் செருக ஓட்டை எங்கே என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

வயரைச் செருகி, ஸ்பீக்கரைப் போட்டேன். 101.4 ரெயின்போ பேசியது. மாடிப்படியெல்லாம் ஜனம் கூடிவிட்டது. வாழ்க்கையில் முதல் முறையாக என்னைச் சுற்றிக் கூட்டம். கர்வத்தோடு தொண்டையைக் கனைத்தேன். “ஏங்க, கரகரன்னுது, வயரைத் தூக்கிப் பிடிங்க” என்றாள் மனைவி. தூக்கினேன். “இன்னும் மேல, ஜன்னல் பக்கமா, சார்!” என்றார் மாடி வீட்டுக்காரர். நாற்காலி போட்டு ஏற்றிவிட்டார்கள். “அப்படியே இருங்க, அசையாதீங்க!” செய்தி முடிகிறவரை கையைத் தூக்கியபடி நின்றேன். குடும்பத் தலைவர் பதவியிலிருந்து ஏரியலாகப் பதவி உயர்வு.

ஆகவே என் கருத்து இதுதான். வயரில்லாதது வேண்டுகிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும். ஜாக் இருந்தால் அது அவர்களை ஒன்றும் செய்யப்போவதில்லை. அது சார்ஜ் கேட்காது, பாஸ்வேர்டு கேட்காது, பக்கத்து அறை ஸ்பீக்கரோடு உறவு கொண்டாடாது. இந்த உரையை வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் நிகழ்த்திவிட்டு, அடுத்த போன் ஜாக் உள்ளதாகத்தான் வேண்டும் என்று முடித்தேன். மகள் வலையில் தேடிப் பார்த்தாள். “இருக்குப்பா. ஆனா விலை குறைஞ்ச மாடல்லதான் நிறைய இருக்கு.” அதிகம் கொடுத்தால் ஓட்டை கிடையாது, கம்மியாகக் கொடுத்தால் ஓட்டை இலவசம். எனக்கென்றே போட்ட திட்டம்!

எதிர்ப்பு வரும் என்று மனைவி பக்கம் திரும்பினேன். “வாங்கிக் குடும்மா. நானும் ஜாக் கட்சிதான்” என்றாள். எனக்கு நம்ப முடியவில்லை. என் வாதத்தில் எந்தப் பகுதி பிடித்தது என்று ஆவலோடு கேட்டேன்.

“வாதமெல்லாம் யார் கேட்டா? வயர் தொங்கினா உங்களுக்குக் காது கேட்கலைன்னு அர்த்தம். தொங்கலைன்னா கேட்குதுன்னு அர்த்தம். எனக்கு அது தெரிஞ்சா போதும்.”

புதுப் போன் வந்துவிட்டது. “ரேஷன் கடைக்குப் போகச் சொன்னது காதுலயே விழலையே” என்று இனி இந்த வீட்டில் நான் சொல்ல முடியாது.