எண்ணூர்ப் பெரும்புள்ளிகள் எழுதும் நன்றிக் கடிதம்

பெருமதிப்பிற்குரிய வருமான வரித் துறைக்கு,

எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் வட்டாரத்தில் இத்தனை பெரும்புள்ளிகள் குடியிருப்பதை நீங்கள் சொல்லித்தான் நாங்களே தெரிந்துகொண்டோம். கன்டெய்னர் லாரி வரிசையும் கொசஸ்தலை ஆற்றுச் சாம்பலும்தான் எங்கள் சொத்து என்று நினைத்திருந்தோம். காண்ட்ராக்ட் முடிந்தது என்று கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பப்பட்டவர், தேரடிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பி.எஃப். கிளெய்ம் போடுகிறார். 80,000 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 72,000 வருகிறது. ஐந்து வருட சர்வீஸ் முடியாமல் 50,000 ரூபாயோ அதற்கு மேலோ எடுப்பவர் உங்கள் கணக்கில் பெரும்புள்ளி, 10 சதவீதம். பான் எண் சேராதவர் மகா பெரும்புள்ளி, 20 சதவீதம். வேலை போன அன்றே ஒருவருக்கு இப்படியொரு அந்தஸ்து தர உங்களைத் தவிர யாரால் முடியும்?

2025 பட்ஜெட்டில், புதிய வரி முறையில் ஆண்டுக்கு 12 லட்சம் வரை சம்பாதிப்பவர் வரி கட்ட வேண்டாம் என்று அறிவித்தார்கள். ஆக, மாதம் ஒரு லட்சம் வாங்குபவர் சாமானியர். மாதம் 15,000 வாங்கி, அதுவும் பாதி வருடத்தில் நின்றுபோனவர் பெரும்புள்ளி. பி.எஃபில் போடும்போது 80சி சலுகையை அனுபவித்தவர், இடையில் எடுத்தால் வரி கட்டுவதுதானே முறை என்று உங்கள் தரப்பில் கேட்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சலுகை என்பது கட்ட வேண்டிய வரியில் கிடைக்கும் தள்ளுபடி. வரி வரம்பையே எட்டாதவர் எதை அனுபவித்தார்? புதிய வரி முறையிலோ 80சி என்பதே கிடையாது. அது போகட்டும். 80சி கோராதவர் தன் பங்காகப் போட்ட பணம் உங்கள் சட்டப்படியே வருமானம் ஆகாது. முதலாளி போட்ட பங்கும் வட்டியும்தான் வருமானம். நீங்கள் பிடிப்பதோ மொத்தத் தொகையிலும்.

உங்கள் சட்டம் உங்களைவிட இரக்கமுள்ளது என்பதையும் சொல்லியாக வேண்டும். உடல்நலம் கெட்டோ, முதலாளி தொழிலைச் சுருக்கியோ மூடியோ, தன் கைமீறிய வேறு காரணத்தாலோ வேலை இழந்தவருக்கு ஐந்து வருடக் கணக்கே பொருந்தாது என்று 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காம் அட்டவணையிலேயே எழுதிவைத்தீர்கள். 450 மெகாவாட் எண்ணூர் அனல் மின் நிலையத்தை 2017 மார்ச் 31 அன்று மூடினார்கள். அங்கே காண்ட்ராக்டில் இருந்தவரா மூடச் சொன்னார்? ஆனால் பி.எஃப். பதிவில் விலகிய காரணம் என்ற கட்டத்தைப் பாருங்கள். ஓய்வு, மரணம், நிரந்தர ஊனம் போக மற்ற எல்லாருக்கும் ‘செசேஷன்’ என்ற ஒரே சொல்தான். கம்பெனி துரத்தினாலும் அதுதான், தானாகப் போனாலும் அதுதான். போதாக்குறைக்கு, ஒரே கேட்டுக்குள் எட்டு வருடம் வேலை பார்த்தாலும் காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புதுக் கணக்கு. பழையதை மாற்றிச் சேர்க்காவிட்டால் சர்வீஸ் துண்டு துண்டாகத்தான் நிற்கும்.

பிடித்தது ரீஃபண்டாகத் திரும்பி வந்துவிடுமே என்பீர்கள். வரும். மே மாதம் வேலை போனவர் அடுத்த ஏப்ரல் பிறந்த பிறகுதான் ரிட்டர்ன் போட முடியும். நீங்கள் தரும் மாதம் அரை சதவீத வட்டியும் அந்த ஏப்ரலில்தான் தொடங்கும். நாங்கள் கட்டத் தாமதித்தால் மட்டும் மாதம் ஒரு சதவீதம். இடைப்பட்ட மாதங்களில் அந்த 8,000 ரூபாய் பள்ளிக் கட்டணமாக இருந்திருக்கும், அடகு நகையின் வட்டியாக இருந்திருக்கும். வரியே இல்லாத பணத்தில் வரி பிடித்துக்கொண்டு, பிறகு மனுப் போட்டுக் கேள் என்பதற்குப் பெயர் நிர்வாகம் அல்ல, பறிப்பு. மன்னிக்கவும், பெரும்புள்ளிகளுக்குச் சற்றே முன்கோபம் அதிகம்.

வரி பிடிக்க வேண்டாம் என்று 15ஜி படிவம் கொடுத்திருக்கலாமே என்று அடுத்து கேட்பீர்கள். கொடுக்கலாம், அப்படியொன்று இருப்பது தெரிந்திருந்தால். தான் ஏழை என்பதை வேலை இழந்தவர் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அவருடைய சம்பளக் கணக்கும் ஆதாரும் பானும் கையில் வைத்திருக்கும் அரசு அதைத் தானாகத் தெரிந்துகொள்ளக் கூடாது. அமெரிக்காவில் 2020-ல் மக்கள் வாங்கிய வேலையின்மை உதவித்தொகையில், குறிப்பிட்ட வருமானத்துக்குக் கீழே உள்ளவர்களுக்கு முதல் 10,200 டாலருக்கு விலக்கு என்று 2021 மார்ச்சில் சட்டம் வந்தது. அதற்குள் ரிட்டர்ன் போட்டிருந்தவர்களின் கணக்கை வரித் துறையே திருத்திப் பணத்தை அனுப்பத் தொடங்கியது. அங்கே பெரும்புள்ளிகளை மதிக்கத் தெரியவில்லை போலும்.

நிரந்தரத் தொழிலாளியின் கதை வேறு. ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு வரிவிலக்கின் உச்சவரம்பு 5 லட்சம். 1997 ஜனவரி முதல் அதே 5 லட்சம். பெரம்பூர் பி அண்ட் சி மில் மூடியதற்கு மறு வருடம் வைத்த அளவு அது. வேலையில் இருந்து கௌரவமாக ஓய்வு பெறும் தனியார் ஊழியரின் விடுப்புச் சம்பளத்துக்கான விலக்கை மட்டும் 2023-ல் 3 லட்சத்திலிருந்து 25 லட்சமாக உயர்த்தினீர்கள். உங்கள் சகோதரத் துறையான பி.எஃப். நிறுவனமோ, வேலை இழந்தவர் பி.எஃபை முழுதாக எடுக்க இரண்டு மாதம் காத்திருந்தது போதாது, பன்னிரண்டு மாதம் ஆகட்டும் என்று 2025 அக்டோபர் 13 அன்று முடிவெடுத்தது. முக்கால் பங்கை உடனே எடுக்கலாமாம். கால் பங்கு எங்கள் எதிர்காலத்துக்காம்.

எனவே பணிந்து கேட்பது இதுதான். அந்தக் காரணக் கட்டத்தில் ‘ஆட்குறைப்பு, ஆலை மூடல், காண்ட்ராக்ட் முடிவு’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அதில் டிக் விழுந்தால் 10 சதவீதத்தைத் தொடாதீர்கள். 5 லட்சத்தை இன்றைய விலைவாசிக்கு உயர்த்துங்கள். முதல் இரண்டுக்கும் புதுச் சலுகை எதுவும் தேவையில்லை. ஏற்கெனவே இருக்கும் சட்டத்தை நடத்தினால் போதும்.

இப்படிக்கு,
வடசென்னைப் பெரும்புள்ளிகள்