படிவம் 25-இல் ஒரு வரி குறைகிறது

அனுப்புநர்:
பழைய மாருதி 800 வைத்திருப்பவன்,
பண்ணைப்புரம், தேனி மாவட்டம்.

பெறுநர்:
மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைத் துறை அமைச்சகம்,
புது தில்லி.

பொருள்: கிழட்டுக் காரின் வயிற்றில் கிடக்கும் தண்ணீர் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

15 வயது தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினீர்கள். போதாதென்று 2025 ஆகஸ்டில், 20 வயது தாண்டினால் 10,000 என்றீர்கள். வயதானவர்களுக்கு உதவித்தொகை தருகிற நாட்டில், வயதான வண்டி மட்டும் தானே பணம் கட்ட வேண்டியிருக்கிறது. கட்டலாம். கட்டியதும் வண்டி வாலிபமாகிவிட்டதாகத் தாங்கள் நம்புவதுதான் சங்கடமாக இருக்கிறது.

தங்கள் கணக்கில் வயது என்பது ஆர்.சி. புத்தகத்துத் தேதி. எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் அது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தெரியும். பச்சையாக இருக்க வேண்டிய கூலன்ட் செம்மண் குழம்பாக நிற்கும். முன்பு வைத்திருந்தவர் போர் தண்ணீரை ஊற்றி ஊற்றியே ஓட்டியிருப்பார். உப்பு உள்ளே ஏடு ஏடாகப் படிந்திருக்கும். சூடேறுகிறது என்று புகார் வந்தால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, "இனிமே சூடே ஆகாதுண்ணே" என்பார் ஒரு மெக்கானிக். போடியைத் தாண்டி முந்தலில் ஏறத் தொடங்கினால் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். பாதி மலையில் ஆவி அடிக்கும். அலுமினிய ஹெட் வளைந்து, கேஸ்கெட் போய், செலவு தங்கள் 10,000-ஐ எளிதாக விழுங்கிவிடும்.

இதைத் தடுக்கிற வேலை ஒரு காலைப் பொழுதுக்குள் முடியும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும். ரேடியேட்டரின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்திப் பழையதை வடித்து, தெளிந்து வரும்வரை நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். அப்போது ஹீட்டரைத் திறந்து வைக்க வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் ஹீட்டர் எதற்கு என்று சிரிக்காதீர்கள்; அந்தக் குழாயில் தங்கிய அழுக்கு வேறு வழியாக வராது. பிறகு கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. வெறும் தண்ணீர் போதாது; அணை கட்டிப் பென்னிகுக் கொண்டுவந்த பெரியாற்றுத் தண்ணீரே ஆனாலும் துருவைத் தடுக்கும் மருந்து அதில் கிடையாது. வண்டியை ஓடவிட்டுக் காற்றுக் குமிழ் போனதும் குறைவதை நிரப்ப வேண்டும். பழைய பச்சைக் கூலன்ட்டுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இது போதும். வடித்ததை வாய்க்காலில் கொட்டக் கூடாது. இனிக்கிறதே என்று நாய் நக்கினால் செத்துப்போகும்.

தகுதிச் சோதனையில் விளக்கு, பிரேக், ஹாரன், வைப்பர், புகை எல்லாம் பார்க்கிறீர்கள், சரி. மழையே பெய்யாத மாதத்திலும் வைப்பரை ஆட்டிப் பார்க்கிற தங்களுக்கு, எந்நேரமும் கொதிக்கிற எஞ்சினுக்குள் என்ன ஓடுகிறது என்று எட்டிப் பார்க்க மனம் வரவில்லை. நன்றாகப் பராமரித்த 22 வயது வண்டிக்கு 10,000. துருத்தண்ணீரில் வேகும் 9 வயது வண்டிக்கு ஒரு கேள்வியும் இல்லை.

ஆகவே, பதிவைப் புதுப்பிக்கும் படிவம் 25-இல் "கூலன்ட் கடைசியாக மாற்றிய தேதி" என்று ஒரு வரி சேர்க்கவும், அந்தத் தேதியைக் காட்டுகிறவருக்குக் கட்டணத்தைக் குறைக்கவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். குறைக்க மனமில்லை என்றால், வாங்குகிற 10,000-க்கு ஒரு கேன் கூலன்ட்டாவது சேர்த்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மாருதி 800-காரன்