ஒருவாட்டி பாக்கலாம்

புதுப்படம் வெளியான வெள்ளிக்கிழமை காலையில், தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டியவுடன் திரைக்கதை, ஒளிப்பதிவு, இரண்டாம் பாதி என்று சகலத்துக்கும் அரை நிமிடத்தில் தீர்ப்பு வழங்கிவிட்டு ஆட்டோ பிடிக்கும் ரசிகர் ஒருவர் உண்டு. அவரே செல்பேசிக்குள் அவதாரம் எடுத்தால் யாரோ, அவர்தான் நம் கதாநாயகர். முதல்ஷோக்காரர் என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் படித்தவரல்ல. வங்கியில் இருப்பார், பள்ளியில் இருப்பார், பணி ஓய்வு பெற்றுத் திண்ணையிலும் இருப்பார். புதிதாக ஒரு ஆப் வந்திருக்கிறது என்று காதில் விழுந்தால் அன்று சாயங்காலத்துக்குள் அது அவர் போனில் இருக்கும். கேமரா வேண்டுமா, எடுத்துக்கொள். மைக்கா, அதுவும் உனக்குத்தான். காண்டாக்ட் லிஸ்ட்டா, தாராளமாக. வெறும் டார்ச் லைட் செயலி ‘நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?’ என்று கேட்டால்கூடச் சந்தேகப்படமாட்டார். இருட்டில் தேடுவதற்கு வசதியாக இருக்கும் என்று நினைக்கிறாரோ என்னவோ. விளக்கப் பக்கங்களை ‘ஸ்கிப்’ அமுக்கித் தாண்டி, நாலு இடத்தில் தொட்டுப் பார்த்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் குடும்பக் குரூப்பில் தீர்ப்பு எழுதிவிடுவார்: “கலர் கண்ணை உறுத்துது. மத்தபடி ஒருவாட்டி பாக்கலாம்.”

விவரம் தெரிந்தவர்கள் இவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கக் காரணமும் இருக்கிறது. கூரியர்காரர் தாமதமாக வந்தால் மேப்புக்கு ஒரு நட்சத்திரம், தானே பின் நம்பரை மறந்தால் வங்கிச் செயலிக்கு ஒரு நட்சத்திரம் என்று கோபத்தைக் கையில் அகப்பட்ட இடத்தில் இறக்குகிறவர் அவர். 2017 ஏப்ரலில் இது நாடு தழுவிய அளவில் நடந்தது. ‘இந்தியா போன்ற ஏழை நாடுகளுக்கான செயலி அல்ல இது’ என்று ஸ்நாப்சாட்டின் தலைவர் சொன்னதாக ஒரு முன்னாள் ஊழியரின் வழக்கில் வந்தது. நிறுவனம் மறுத்தது, மறுப்பை யார் படித்தார்கள்? ஆளாளுக்குப் போய் ஒற்றை நட்சத்திரம் குத்தினார்கள். வேகத்தில் சிலர் சட்டையும் மிக்ஸியும் விற்றுக்கொண்டிருந்த ஸ்நாப்டீலுக்கும் சேர்த்துக் குத்திவிட்டு வந்தார்கள். 2020 மே மாதம் யூடியூப் ரசிகர்களுக்கும் டிக்டாக் ரசிகர்களுக்கும் சண்டை மூண்டபோது, நாலுக்கு மேல் இருந்த டிக்டாக்கின் மதிப்பெண் இரண்டுக்கும் கீழே விழுந்தது. லட்சக்கணக்கான விமர்சனங்களைக் கூகுள் நீக்க வேண்டியதாயிற்று. அந்த வாரம் செயலி ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை, ஜனங்களுக்குக் கோபம் வந்திருந்தது, அவ்வளவுதான்.

இத்தனைக்குப் பிறகும், இவருடைய தீர்ப்பை நம்பலாம் என்பதே என் கட்சி. செயலி எப்படிப்பட்டது என்பதில் அவர் அநேகமாகத் தவறுவார். அது நம் வாழ்க்கையில் நிற்குமா என்பதில் அநேகமாகத் தவறமாட்டார். ஏனென்றால் ‘இது என்னவெல்லாம் செய்யும்?’ என்று நிபுணர் கேட்கும் கேள்வியை அவர் கேட்பதே இல்லை. உள்ளே நுழைந்ததும் அவர் கேட்பது, “யாரெல்லாம் இருக்காங்க?” 2011இல் கூகுள் பிளஸ் வந்தபோது, நண்பர்களை வட்டம் வட்டமாகப் பிரித்து வைக்கும் அதன் வசதியை நிபுணர்கள் மெச்சினார்கள். நம்மவர் வட்டத்துக்குள் எட்டிப் பார்த்தார், ஆளில்லை, திரும்பிவிட்டார். கூகுள் அதை மூடியது 2019 ஏப்ரலில். 2021 ஊரடங்கில் கிளப்ஹவுஸ் என்ற குரல் உரையாடல் செயலி நம்ம ஊருக்கு வந்தது. அரசியலும் சினிமாவும் விடிய விடியத் தமிழில் அலசப்பட்டன. ஊரடங்கு தளர்ந்ததும் அவர் டீக்கடைக்கே போய்விட்டார். அங்கே கையை உயர்த்தி அனுமதி வாங்காமலே எல்லோரும் ஒரே நேரத்தில் பேசலாமே!

இதற்குச் சரியான உதாரணம் அரட்டை என்ற செய்திச் செயலி. தென்காசிப் பக்கம் வசிக்கும் ஸ்ரீதர் வேம்பு நிறுவிய ஸோஹோவின் தயாரிப்பு. 2021இல் வெளியாகி ஓசையில்லாமல் கிடந்து, 2025 செப்டம்பர் கடைசியில் சுதேசிப் பேச்சு எழுந்தபோது பதிவிறக்கப் பட்டியலின் உச்சிக்கே போனது. எழுத்துச் செய்திகளுக்கு முழு மறையாக்கம் அப்போது இல்லையே என்று நிபுணர்கள் விவாதித்தார்கள். முதல்ஷோக்காரர் அந்த விவாதத்தின் பக்கமே போகவில்லை. நம்ம ஊர்ச் சரக்கு என்ற பெருமையோடு இறக்கினார், பெயரைப் பதிந்தார், நல்ல போட்டோவாகப் பார்த்து ஒன்றை வைத்தார். பிறகு வாட்ஸாப்பைத் திறந்து, “யாரெல்லாம் அரட்டைல இருக்கீங்க?” என்று கேட்டார். “நானும் இருக்கேன் மாமா” என்று பதில் வந்தது, வாட்ஸாப்பில். வலைப்பின்னல் விளைவு என்று பொருளியலாளர்கள் பக்கம் பக்கமாக விளக்குகிற சங்கதி இந்த இரண்டு வரிக்குள் அடக்கம். பொருள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், சித்தியும் பால்காரரும் அசோசியேஷன் செக்ரட்டரியும் பக்கத்துத் தெருவில் இருக்கும்போது நாம் மட்டும் குடிபெயர முடியாது.

அவர் எதை ஏற்றுக்கொண்டார் என்று பார்த்தாலும் இதே கணக்குதான். 2016இல் யுபிஐ வந்தது. அடுத்த ஆண்டு கூகுளின் தேஜ் வந்து, 2018இல் ஜிபே ஆனது. அவரை உள்ளே இழுத்தது தேசத்தின் டிஜிட்டல் புரட்சி அல்ல, ஸ்கிராட்ச் கார்டு. ஐந்து ரூபாயை எதிர்பார்த்துத் திரையைச் சுரண்டி, ‘பெட்டர் லக் நெக்ஸ்ட் டைம்’ வாங்கி வாங்கியே அவர் பணம் அனுப்பப் பழகினார். கார்டில் காசு விழுவது அருகிய பிறகும் அவர் விலகவில்லை. எதிரே இருந்த கடைக்காரருக்கும் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லாமல் போனதுதான் காரணம். சுவரில் ஒரு க்யூஆர் அட்டை, கல்லாப் பக்கத்தில் ஒரு பேசும் பெட்டி. பரோட்டா மாவில் கை வைத்திருப்பவர் போனைத் தொட வேண்டாம். பணம் வந்துவிட்டது என்று பெட்டியே தமிழில் சொல்லிவிடும். வாட்ஸாப்பின் குரல் செய்தியும் அப்படித்தான் நிலைத்தது. கொம்பும் காலும் தேடித் தேடித் தமிழில் தட்டச்சு செய்யத் திணறியவர், மைக்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மூன்று நிமிடம் பேசிவிடுகிறார். கேட்பவர் பாடு திண்டாட்டம். பேசுபவருக்குச் சிரமமே இல்லை.

‘இது தீர்ப்பா, மந்தைத்தனமா? ஊர் போகிற வழியில் போகிறார், அவ்வளவுதானே?’ என்று கேட்கலாம். செய்தி அனுப்புவதும் பணம் அனுப்புவதும் ஊரோடு சேர்ந்து செய்கிற காரியங்கள். அங்கே ஊர் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது மந்தைத்தனம் ஆகாது. விசாரிக்க வேண்டிய முதல் விஷயமே அதுதான். ‘இன்ஸ்டாகிராம்காரர்கள் விட்ட த்ரெட்ஸ் என்ன ஆயிற்று?’ என்று இன்னொருவர் மடக்கலாம். 2023 ஜூலையில் ஐந்தே நாளில் பத்துக் கோடிப் பேர் சேர்ந்தார்கள், சில வாரங்களில் கூட்டம் கலைந்தது, முதல்ஷோக்காரர்கள் ‘ஃபிளாப்’ என்றார்கள். 2025இல் அது மாதம் 40 கோடிப் பேர் வந்துபோகும் இடமாகிவிட்டது. நியாயமான கேள்வி. ஆனால் அவர் தீர்ப்பில் வறட்டுக் கௌரவம் கிடையாது. இன்ஸ்டாகிராமில் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் பழையதை மறந்து மறுபடியும் உள்ளே போவார். தாம் ‘ஃபிளாப்’ என்று எழுதியது அவருக்கே நினைவிருக்காது.

மூன்றாவது ஆட்சேபணைதான் கனமானது. எதையும் படிக்காமல் ஓகே கொடுக்கிறாரே, அந்தரங்கம் என்ன ஆவது? உண்மைதான். கடன் செயலிகள் காண்டாக்ட் லிஸ்ட்டை உருவிக்கொண்டு உறவினருக்கெல்லாம் போன் போட்டு மானத்தை வாங்கியது இந்த ஓகேயின் விளைவுதான். ஆனால் படித்துப் பார்த்துத்தான் ஓகே கொடுக்க வேண்டும் என்பது நடக்கிற காரியமா? சந்திக்கிற இணையதளங்களின் அந்தரங்கக் கொள்கைகளையெல்லாம் ஒருவர் படிப்பதென்றால் ஆண்டுக்குச் சுமார் 244 மணி நேரம் ஆகும் என்று 2008இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் அலீசியா மெக்டொனால்டும் லோரி கிரேனரும் கணக்கிட்டார்கள். சிரிக்கும் நிபுணரும் அதைப் படிப்பதில்லை. படிக்காததற்கு வருத்தப்படுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால்தான் 2022 செப்டம்பரில், கடன் செயலிகள் காண்டாக்ட் லிஸ்ட்டையும் அழைப்புப் பதிவையும் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி போட வேண்டி வந்தது. பூட்டைச் செய்கிறவரும் சட்டம் போடுகிறவரும் பார்க்க வேண்டிய வேலையை, சாயங்காலம் சும்மா போனைத் திறந்தவர் தலையில் கட்டக்கூடாது.

செயற்கை நுண்ணறிவும் இந்தத் தேர்வுக்குத் தப்பவில்லை. 2025 மார்ச் கடைசியில் சாட்ஜிபிடி ஜப்பானின் கிப்லி பாணியில் படம் போட்டுத் தந்தபோது, ஓவியர்களின் பிழைப்பு என்னாகும் என்று உலகம் விவாதித்தது. இவர் கல்யாணப் போட்டோ, பேத்தி, திருச்செந்தூர் கடற்கரை எல்லாவற்றையும் கிப்லியாக்கி டிபியில் வைத்து, ஒரே வாரத்தில் அலுத்துப்போனார். மின்வாரியத்துக்குப் புகார் எழுதித் தரும் என்று தெரிந்த பிறகு அதையே வைத்துக்கொண்டார். எது விளையாட்டு, எது உபயோகம் என்று யாரும் அவருக்கு வகுப்பெடுக்கவில்லை.

ஆகவே, செயலி தயாரிப்பவர்கள் நட்சத்திரங்களை எண்ணுவதை விட்டுவிட்டு, போனில் ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்று வரும் நாளுக்காகக் காத்திருப்பது நல்லது. அன்றைக்கு முதல்ஷோக்காரர் குட்மார்னிங் ரோஜாப்பூக்களில் ஒன்றைக்கூடத் தொடமாட்டார்; யாரோ அனுப்பிய மூட்டுவலி வைத்திய வீடியோவும் பத்திரமாக இருக்கும். போவதெல்லாம் யாரும் இல்லாத செயலிகள்தான். அவற்றில் அவர் ‘சூப்பர்’ என்று எழுதி ஐந்து நட்சத்திரம் கொடுத்ததும் இருக்கும். செயலியை அழித்துவிடுவார்; கொடுத்த நட்சத்திரத்தைத் திரும்ப வாங்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது.