நெட்டை, குட்டை, மீடியம் ஹைட்: ஒரு முதல்நிலை ஆய்வு

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் ஆளை வருணிக்கும் பாடம் நடக்கும் நாளில், ஊரிலுள்ள அத்தனை பேரும் மீடியம் ஹைட் ஆகிவிடுகிறார்கள். அப்பா, மாமா, மேனேஜர் என்று யாரும் இதற்கு விலக்கல்ல. அறிவுலகம் இதை இன்றுவரை கண்டுகொள்ளாதது வருந்தத்தக்கது.

ஆய்வுக்களம், பஸ் ஸ்டாண்டு எதிரே ஜெராக்ஸ் கடை மாடி. ஆய்வுக்கு உட்பட்டோர், வேலைக்கு நேர்முகத் தேர்வை எதிர்நோக்கும் இளைஞர்கள். படியேறும்போது ஒருவன் சொன்னது: “அதான்டா, மேல் பையில சீப்பு வெச்சிருப்பாரே, ஒத்தக் கண்ண இடுக்கிக்கிட்டே சில்லறை எண்ணுவாரே, அந்த கண்டக்டர்.” கேட்டவன் உடனே தலையாட்டினான். பத்து நிமிடம் கழித்து அதே கண்டக்டர், அதே வாயில், கரும்பலகை முன்னிலையில்: “ஹி இஸ் மீடியம் ஹைட். ஹி இஸ் ஃபேர். ஹி இஸ் வெரி நைஸ்.” இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு டெப்போவுக்குப் போனால் பாதிப் பேரை இறக்கிவிட வேண்டியிருக்கும்.

ஆக நமது கருதுகோள்: ஆளை அடையாளம் காட்டுவது அவர் செய்யும் காரியம், பெயரடைகள் வெறும் ஒப்புக்குச் சப்பாணி.

இதன் பின்பாதிக்குப் பாரீஸ் போலீசே சாட்சி. அங்கே அல்போன்ஸ் பெர்தியோன் 1880-களில் குற்றவாளிகளைப் பதினோரு இடங்களில் அளந்தார். வலது காதையும் விடவில்லை. மூக்கு, நெற்றி, காதுமடல் ஒவ்வொன்றுக்கும் தரப்படுத்திய சொற்களை வகுத்து ‘பேசும் படம்’ என்று பெயரும் வைத்தார். உலகிலேயே சிரத்தையான பெயரடைப் பாடம் அதுதான். ஆனால் 1897-இல் கல்கத்தாவில் கைரேகைக் காப்பகம் தொடங்கியது. ஒரே ஒரு பெயரடைகூட வேண்டாத கட்டைவிரல் ஜெயித்தது.

ஆசிரியர்கள் தோல்வியை ஒப்புக்கொள்ளாமல் ‘கெஸ் ஹூ?’ விளையாட்டைக் கொண்டுவருகிறார்கள். 1979-இல் வந்தது, 24 முகங்கள்; ஆமா, இல்லையா என்று கேட்டுக் கேட்டே எதிராளி எடுத்த முகத்தைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு கேள்வியும் கூட்டத்தைச் சரிபாதியாக்கினால் ஐந்து கேள்வியில் ஆள் சிக்கிவிடுவான். பழைய பதிப்பில் கண்ணாடி போட்டவர் ஐந்தே பேர், வழுக்கை ஐந்து, பெண்களும் ஐந்து. கண்ணாடி இல்லை என்றால் இன்னும் 19 பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். விளையாட்டுக்கு அதுதான் சுவை. வகுப்புக்கு அதுவே ஒரு மணி நேரம்.

உடல் பருமன் பற்றிய பகுதியை ஆய்வாளர் பாதுகாப்புக் கருதிச் சுருக்குகிறார். குழந்தை ‘சப்பி’, ஆண் ‘வெல் பில்ட்’, மேனேஜர் ‘பெர்சனாலிட்டி’. நிறத்துக்கு மணமகள் தேவை விளம்பரங்களைப் பார்க்க.

அப்படியானால் ஆளை எப்படித்தான் அடையாளம் காட்டுவது? விடையை நம் பள்ளிக்கூடங்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டன. மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளம் இரண்டு கேட்பார்கள். அழகன், ஒல்லி, சுருட்டை எதுவும் அங்கே செல்லாது. ‘எ மோல் ஆன் த சின்’, அவ்வளவுதான். வகுப்பாசிரியர் பேனாவை மூடாமலே பையனைத் திருப்பித் திருப்பித் தேடுவார். இரண்டாவது மச்சம் அகப்படாதவனுக்கு முழங்காலில் சைக்கிள் தழும்பு கைகொடுக்கும். தாடையில் மச்சம் உள்ளவன் பின்னாளில் தாடி வளர்த்தால் எந்த அதிகாரி எப்படிச் சரிபார்ப்பார் என்பது, நிதி ஒதுக்கீடு கிடைத்ததும் ஆராயப்படும்.